வாகீசன் வீட்டு பியர்க் குழாய்

கருங்கல் மேடையில் ஓட்டை அழகாகத்தான் விழுந்தது. ஆனால் ட்ரில் அதோடு நிற்கவில்லை. கீழே அலுமாரிக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயையும் ஒரு கை பார்த்துவிட்டது.

வாகீசனின் கண்ணாடியில் தண்ணீர் பீறிட்டு அடித்தது.

“சீமோன்! பூட்டு, பூட்டு!”

“எதைப் பூட்டுறது?”

“எல்லாத்தையும்!”

உதவிக்கு வந்திருந்த சீமோன் ஓடிப்போய் வீட்டின் பிரதான வால்வையே பூட்டினார். கீழ்த்தளத்துப் பேஸ்மென்றில் தண்ணீர் நின்றது. மேல்மாடியில் தலை முழுக்கச் சம்பூவோடு நின்ற மனைவி நிரூபாவுக்கும் நின்றது.

“என்னப்பா நடக்குது கீழ?”

“ஒண்டுமில்லை! சின்ன வேலை!” என்று கத்திவிட்டு, வாகீசன் துவாயால் சுவரைத் துடைக்கத் தொடங்கினார்.

வாகீசனுக்குக் கட்டுப்பல் செய்யும் லாப்பில் வேலை. அரை மில்லிமீற்றர் துளை போட்டு இருபத்திரண்டு வருடப் பழக்கம். கல்லில் ஒரு ஓட்டை போடுவது பெரிய காரியமா என்று நினைத்தது அந்தத் திமிரில்தான்.

எல்லாம் போன மாதம் தொடங்கியது. மகள் அட்சயா விரும்பிய ராகுலனின் தாய் தகப்பன் ரூஜிலிருந்து முதல் முறையாக ஸ்ரௌவ்வில் நகரத்திலுள்ள வாகீசன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தகப்பன் தியாகலிங்கம் அதிகம் பேசவில்லை. வாகீசனும் பேசவில்லை. இரண்டு பேரும் காலநிலையை முடித்துவிட்டு, நெடுஞ்சாலை நெரிசலையும் முடித்துவிட்டு, மௌனமாக முறுக்குத் தின்றார்கள். வேறு வழியில்லாமல் வாகீசன் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

பேஸ்மென்றில், விருந்தாளிகளுக்கு மது பரிமாற ஒரு வெட் பார் இருந்தது. வீட்டை விற்ற வெள்ளைக்காரர் கட்டியது: கருங்கல் மேடை, சின்னச் சிங்க், கீழே அலுமாரி. நிரூபா அதில் மீன் கழுவுவாள்.

அதைக் கண்டதும் தியாகலிங்கம் வாயைத் திறந்தார். “ஆ, பாரும் இருக்கோ! இதில பியர் ரப் ஒண்டு பூட்டினா, குழாயைத் திறந்து ஊத்திக் குடிக்க நல்லாயிருக்குமே.”

அவ்வளவு நேரத்தில் அந்த மனிதர் காட்டிய முதல் உற்சாகம் அது. வாகீசன் விடவில்லை.

“அதுதான் பூட்டப்போறன்! அடுத்த முறை வரேக்க ரப்பில இருந்துதான் உங்களுக்கு!”

வாகீசன் வாழ்நாளில் இரண்டு தரம்தான் பியர் குடித்திருந்தார். இரண்டு தரமும் இருமல் மருந்து ஞாபகம் வந்தது.

“அப்பா, சீரியஸ்லி?” என்றாள் அட்சயா. “யூ டோன்ட் ஈவன் ட்ரிங்க். நாலு பியர் கான் வாங்கி வைச்சாக் காணாதா?”

“கான் எல்லாரும் குடுப்பினம் பிள்ளை. அவர் வாய்விட்டுக் கேட்டது ரப். உன்ர மாமனார் ஆகப்போற மனுசன் ஆசையாக் கேட்டதை நான் செய்யாட்டி, கலியாணத்துக்குத் திகதி குறிக்க அவருக்கு மனம் வருமே?”

அப்படித்தான் வாகீசன் கையில் ட்ரில் ஏறியது.

தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய முடியாமல் சிங்குக்கு வரும் இணைப்பையே வெட்டி அடைத்தார்கள். நிரூபா மீனோடு இறங்கி வந்து குழாயைத் திருகினாள். காற்றுக்கூட வரவில்லை.

“இனி மீனை எங்க கழுவுறது?”

“ஒரு மாசம் இறைச்சி சாப்பிடுவம்,” என்றார் வாகீசன்.

அடுத்து, பியர்ப் பீப்பாவை வைக்கும் குளிர்பெட்டி வந்தது. அலுமாரிக் கதவைக் கழற்றி, தட்டுகளை அறுத்து, அதை உள்ளே தள்ளினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மணித்தியாலத்தில் அடுப்பு மாதிரிச் சுட்டது.

சீமோன் வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் பழைய சினேகிதர். குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர். அவர் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இது பின்பக்கத்தால மூச்சு விடுற சாமான், மச்சான். நீ முன்பக்கத்தால விடுறதை எல்லோ வாங்கியிருக்கோணும். அடைச்சு வைச்சாச் செத்துப்போகும்.”

“திருப்பிக் குடுப்பமே?”

“பெட்டியின்ர மேல்தட்டிலதானே ஓட்டை போட்டுக் குழாய் விட்டனீ. ஆர் எடுப்பான்?”

ஆகவே பின்சுவரிலும் ஓட்டை விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிரூபாவின் சாமான் அறை. வெக்கையை அங்கே தள்ளுவதற்கு சீமோன் ஒரு சின்ன மின்விசிறியையும் பூட்டி, ஆளியைப் போட்டார்.

விசிறி திசை மாறிப் பூட்டுப்பட்டிருந்தது. அந்த அறையில் ஓட்டைக்கு நேரே, முதல் நாள் திரித்து ஆறுவதற்காக நிரூபா பரப்பி வைத்திருந்த மிளகாய்த்தூள் இருந்தது. விசிறி அதை ஆசையோடு உறிஞ்சி இந்தப் பக்கம் ஊதியது. சீமோன் பதினேழு தரம் தும்மினார். வாகீசன் எண்ணும் நிலையில் இல்லை. கண்ணைத் திறக்க முடியாமல் சிங்கைத் தேடிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகினார். அப்போதுதான் இணைப்பை வெட்டியது நினைவு வந்தது.

“உந்த மனுசன் குடிக்காமலே இந்த ஆட்டம் ஆடுது,” என்றாள் நிரூபா, ஈரத் துணியை நீட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தியாகலிங்கமும் மனைவி புனிதவதியும் வந்தார்கள். பீப்பாவும் அரைமணித்தியாலத்துக்கு முன்னர்தான் வந்திருந்தது, சீமோனின் வாகனத்தில் உருண்டு உருண்டு. சுவரில் புதுப் பூச்சு. மேடையில் பளபளக்கும் குழாய். வாகீசன் கைப்பிடியை இழுத்தார்.

நுரை வந்தது. நுரை மட்டும்தான் வந்தது.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் வாகீசன்.

“பரவாயில்லை, பரவாயில்லை!” தியாகலிங்கம் அவசரமாகக் கிளாசை வாங்கினார். “எனக்கு நுரைதான் விருப்பம்.”

அந்தப் பெருந்தன்மை வாகீசனின் நெஞ்சைத் தொட்டது. இப்படிப்பட்ட மனிதருக்கா நுரையைக் கொடுப்பது?

“சீமோன், பீப்பாவுக்குப் போற காஸைக் கூட்டு!”

சீமோன் கூட்டினார். இப்போது நுரை கிளாசுக்கு வெளியே பாய்ந்து தியாகலிங்கத்தின் சட்டையை நனைத்தது. நிரூபா துவாயோடு ஓடி வந்தாள். வாகீசனுக்கு அழுகை வரும்போலிருந்தது. ஆனால் தியாகலிங்கத்தின் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. வந்ததிலிருந்து இப்போதுதான் கொஞ்சம் சிரிப்பே தெரிந்தது.

“விடுங்கோ வாகீசன். இண்டைக்கு இது சரிவராதுபோல. தேத்தண்ணியே குடிப்பமே?”

“தேத்தண்ணியோ! என்ர வீட்டில உங்களுக்குத் தேத்தண்ணியோ!” வாகீசன் நிலத்தில் படுத்துக் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டார். “சீமோன், உன்னட்ட நீளமான ஹோஸ் இருக்கெண்டனீ. கொண்டு வா. காஸைக் குறை. பீப்பாவைச் சுத்தி ஐஸ் போடு.”

முக்கால் மணித்தியாலம் போனது. மேலே பெண்கள் பேசிப் பேசி ஆவணி மாதத்தில் இரண்டு திகதிகள்வரை வந்துவிட்டார்கள். கீழே தியாகலிங்கம் நுரைக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, “மெய்யாவே வேண்டாம்,” “கஷ்டப்படாதேங்கோ,” “நான் கோவிக்கமாட்டன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் வாகீசன் இன்னும் ஆழமாகத் தலையை விட்டார்.

கடைசியில் குழாயிலிருந்து தெளிந்த பொன்னிறத்தில், ஒரு விரல் நுரையோடு, பியர் அமைதியாக இறங்கியது. சீமோன் கை தட்டினார். வாகீசன் பெரிய கிளாசாகப் பார்த்து இரண்டு நிரப்பினார்.

தியாகலிங்கம் கிளாசைப் பார்த்தார். வாகீசன் தியாகலிங்கத்தைப் பார்த்தார்.

“சியேர்ஸ்,” என்றார்கள் இருவரும், பல்லுப் பிடுங்கப் போகிறவர்கள் மாதிரி.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

“எப்பிடி?” என்றார் வாகீசன், இருமலை விழுங்கிக்கொண்டு.

“அந்தமாதிரி!” என்றார் தியாகலிங்கம், நெஞ்சைத் தடவிக்கொண்டு. “உங்களை மாதிரி ரசனையுள்ள ஆக்களோட சம்பந்தம் வைக்கக் குடுத்து வைக்கோணும்.”

“இன்னொண்டு?”

தியாகலிங்கம் சுவரைப் பார்த்தார். பிறகு, போருக்குப் போகிறவரைப் போல நிமிர்ந்து, “ஊத்துங்கோ,” என்றார்.

நாலு மணிக்குத் திகதி குறித்தாயிற்று. அட்சயா தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். வாகீசனுக்கு உலகம் லேசாகச் சுற்றினாலும் மனம் நிறைந்திருந்தது. இடித்ததும் உடைத்ததும் மிளகாய்த்தூளும் வீண்போகவில்லை.

தியாகலிங்கம் சுவரைப் பிடித்துப் பிடித்துக் காரை நோக்கி நடந்தார். காரை ஓட்டத் திறப்பை வாங்கிக்கொண்ட புனிதவதி வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தார்.

“வாற ஞாயிறும் கட்டாயம் வாங்கோ அக்கா,” என்றார் வாகீசன். “பீப்பா இன்னும் முக்கால்வாசி கிடக்கு. அண்ணைக்காகத்தானே பூட்டினது.”

புனிதவதி நிமிர்ந்து, காரிருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, குறை நினையாதேங்கோ. அறுபது வயசுமட்டும் ஒரு சொட்டும் வாயில வைக்காத மனுசன். அண்டைக்கு ரப் எண்டதும் சும்மா பேச்சுக்குத்தான். சம்பந்திக்குப் பியர் எண்டா உயிராம், சேர்ந்து குடிக்காட்டி மரியாதை இல்லையாம் எண்டு, போன மாசம் உங்கட வீட்டை வந்துபோன நாளில இருந்து தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சுப் பழகுறார்.”