முதல் பெஞ்சில் ஆழ்ந்த உறக்கம்

என் பெண்டாட்டி இசபெல்லாவை ஒரே ஒரு தடவையாவது ஆதாரத்தோடு வாயடைக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து அது நடந்ததே இல்லை. இந்தத் தடவை விஞ்ஞானம் என் பக்கம் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் என் காது. இளவயதில் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று, பக்கத்திலேயே தின்று, பக்கத்திலேயே படுத்தவன். பிறகு நான் வண்டியை விட்டு இறங்கி, வெண்ணந்தூரில் மோட்டார், பைப் கடை வைத்துவிட்டேன். கம்ப்ரசர் மட்டும் காதை விட்டு இறங்கவில்லை. தலையைச் சாய்த்தால் போதும், 'கொய்ய்ய்' என்று ஆரம்பித்துவிடும். எங்கே தூங்குவது?

இசபெல்லாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியேங்க.”

“உனக்கு எப்படியம்மிணி கேக்கும்? அது என்ற காதுக்குள்ள கேக்குது.”

“நீங்க விடுற கொறட்டை எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

“தூங்காம எப்படிக் கொறட்டை விடுறது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். அஸ்தம்பட்டில காது டாக்டரு இருக்காருங்க. வாங்க, போயிட்டு வந்தர்லாம்.”

“டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

எனக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. காதில் மெஷினை மாட்டிவிடுவாரே என்றுதான் பயம். மாட்டினால் 'செவிட்டு ஆரோக்கியசாமி' என்று ஊரே பட்டம் கொடுத்துவிடும். பட்டம் வாங்குகிற நேரமா இது? திருவிழாவுக்கு முன்னால் எங்கள் கோயில் பங்குப் பேரவைக்குப் புதுத் துணைத் தலைவர் வரப்போகிறார். பங்குச் சாமியார் ஃபாதர் ஜெபஸ்டின் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கு மற்றவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கை என் பக்கம் நீளப்போவதாக நம்பகமான தகவல். நான் அதற்காகப் புது வேட்டியே எடுத்து வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. பூசையில் நான் எப்போதும் முதல் பெஞ்ச். பிரசங்கம் ஆரம்பித்தால் கையைக் கட்டிக் கண்ணை மூடிக்கொள்வேன். ஃபாதரே ஒரு நாள் மைக்கில் சொன்னார். “நம்ம ஆரோக்கியசாமி அண்ணனைப் பாருங்க. கண்ணை மூடிட்டு, மனசைத் தெறந்து கேக்கறாரு.” பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இசபெல்லாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பு. தூணுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு என் முகம் தெரியாது. தெரியாதது நல்லது.

ஆதாரம் தேடினேன் அல்லவா? கையில் கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கத்தை அளந்து சொல்லும் வாட்ச் ஒன்று இருக்கிறதாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மெர்லினிடம் சொல்லி வரவழைத்தேன். என்னுடையது பட்டன் போன். அதனால் வாட்சை இசபெல்லாவின் போனோடு இணைத்தேன். கள்ளன் தானாகப் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி.

முதல் வாரம் எனக்குத்தான் வெற்றி. தினமும் காலையில் போனைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது.

“ஏனுங்க, ஆழ்ந்த தூக்கம் இல்லவே இல்லீன்னு காட்டுது. நெசமாலுமே தூங்கறதில்லீங்களா?”

“நான் சொன்னா நம்புனியா நீ?”

பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு. கறிவேப்பிலையை ஒதுக்கினால்கூடத் திட்டு இல்லை. அந்த ஒரு வாரம் நான் மகாராஜா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க, பிரசங்கத்தப்ப எங்க இருந்தீங்க?”

“முதல் பெஞ்சுல.”

“வாட்சு ஆழ்ந்த தூக்கம்னு காட்டுதுங்க. ஒரு வாரமா வராத தூக்கம்.”

“அது தூக்கம் இல்ல அம்மிணி, தியானம். ஜெபத்துல உருகுனா இதயம் மெதுவா அடிக்கும். மெஷினுக்குப் பக்தி தெரியுமா?”

“ஓகோ,” என்றாள். அவள் 'ஓகோ' என்றால் அதோடு விடமாட்டாள் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு வந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கோயிலுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவின் கையில் வாட்சைக் கட்டினேன். “பொன்னாட்டம் வேலை செய்யுதப்பா. ஒரு மணி நேரம் கட்டிப் பாரு. புடிச்சா நீயும் வாங்கிக்க.” முழுக்கைச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் இசபெல்லா போனோடு நிற்கிறாள்.

“ஏனுங்க, போன வாரம் பிரசங்கத்துல தூங்குனீங்க. சரி. இந்த வாரம் ஏன் ஓடுனீங்க?”

“ஓடுனேனா?”

“இதயம் தடதடன்னு அடிச்சிருக்குது. ரெண்டாயிரம் எட்டு வச்சிருக்கீங்க. ஃபாதரைச் சுத்தியா ஓடுனீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாச்சிமுத்து வந்துவிட்டான். மேலெல்லாம் சேறு.

“இந்தாங்கண்ணா உங்க வாட்சு. நல்லாத்தான் இருக்குது. எருமை அத்துக்கிட்டு ஓடுச்சு பாருங்க, அதைத் தொரத்தறப்பத்தான் கையைக் கொஞ்சம் அறுத்துது.”

அவன் போய்விட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று நேற்றல்ல, இந்த ஃபாதர் வந்த நாளிலிருந்தே தூக்கம்தான் என்று.

“ஃபாதர்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத அம்மிணி. துணைத் தலைவர் பதவி போயிரும்.”

அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் கலக்கமாக இருந்தது. கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

“அப்ப ஃபாதர் பேசறப்ப காதுல அந்தச் சத்தம் இல்லீங்களா?”

“இல்ல. அவரு குரலும் ஃபேன் சத்தமும் சேர்ந்து அதை அமுக்கிருது. சொகமா இருக்கும்.”

“இதுதானுங்க மருந்து. பொழுதோட நான் ஃபாதரைப் பாத்துட்டு வாரேன்.”

அவள் வரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். திரும்பி வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “பிரசங்கத்தையெல்லாம் போன்ல ஏத்திக் குடுத்துட்டாருங்க. ராத்திரியும் உங்க பேச்சைக் கேக்கோணும்ங்கறாருன்னு சொன்னேன். மனுசனுக்கு நெம்பச் சந்தோசம்.”

பொய் ஒரு சொல் இல்லை. என் மானமும் தப்பியது. அன்று முதல் தலைமாட்டில் ஃபாதர் மெல்லிய குரலில் பேசுவார், நான் தூங்குவேன். தூங்காமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் இசபெல்லா. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

துணைத் தலைவரை அறிவிக்கும் ஞாயிறும் வந்தது. புது வேட்டி, முதல் பெஞ்ச். ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம ஆரோக்கியசாமி அண்ணன் ராத்திரியும் என் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் படுக்கறாராம். அண்ணே, இங்க வாங்க. போன வாரம் நான் சொன்னதுல உங்க மனசைத் தொட்டது எது? நாலு வார்த்தை சொல்லுங்க.”

எழுந்து போனேன். மைக்கில் வாயை வைத்தேன். “கிறிஸ்துவில் அன்பான சகோதர சகோதரிகளே” என்றேன். அதற்கு மேல் ஃபாதரின் எந்தப் பிரசங்கத்திலும் நான் போனதே இல்லை.

அப்போது பெண்கள் பக்கம் இசபெல்லா எழுந்தாள்.

“ஃபாதர், மன்னிச்சுக்கோங்க. என்ற ஊட்டுக்காரருக்குக் கொஞ்ச நாளாக் காது சரியாக் கேக்கறதில்லீங்க. நீங்க கேட்டது காதுல உளுந்திருக்காது.”

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. தூங்குமூஞ்சியா, செவிடா? யோசிக்க நேரமில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்து, “ஆங்?” என்றேன்.

“அவருக்குப் பதிலா நான் சொல்றேனுங்க ஃபாதர்,” என்று ஆரம்பித்தவள் போன வாரப் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் சொன்னாள். வசனத்தோடு, ஃபாதர் இருமிய இடத்தோடு. அவர் அசந்துவிட்டார். “துணைத் தலைவரை ஆண்கள் பக்கமே தேடிட்டு இருந்தேன். துணைத் தலைவி இந்தப் பக்கம் இருக்காங்க,” என்று கையை நீட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். “அண்ணன் காதை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா” என்று அங்கேயே உத்தரவும் போட்டார். ஊருக்கே தெரிந்த பிறகு மெஷினுக்கு என்ன பயம்?

மறுநாள் அஸ்தம்பட்டியில் டாக்டர் வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சந்தேகம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

“ஏம்மிணி, என்னை மைக்குக்குக் கூப்புடோணும்னு ஃபாதருக்கு எப்படித் தோணுச்சு?”

சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “பிரசங்கம் வாங்கப் போனப்ப நான்தானுங்க சொல்லிட்டு வந்தேன். ரெண்டு வருசமாக் கூப்புட்டேன், இந்த டாக்டர்கிட்ட வந்தீங்களா?”

உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, “இசபெல்லா மேடத்தோட ஊட்டுக்காரர் யாருங்க?” என்றாள். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.