எனக்குப் பிறகு வருபவர்

பணிப்பதிவு அலுவலகத்தில் ஒருவர் வேலைக்கு வந்தார் என்பதற்கும் சரி, வேலையை விட்டுப் போனார் என்பதற்கும் சரி, ஒரே சாட்சி ஒரு கறுப்புத் திரைதான். அதில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டினால் அச்சுப்பொறி உத்தரவையோ சான்றிதழையோ தள்ளும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மென்பொருள் கருவியை எழுதியவர் கணினி சார். அதற்குப் பிறகு அவர் குறிப்பிடும்படி எதுவும் எழுதவில்லை. எழுதிய அந்த ஒன்றைச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. சனிக்கிழமை காலை ரயில். வேறு ஊரிலிருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். மனைவி பெட்டியைக் கட்டிவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பணிச் சான்றிதழ் அச்சாகாமல் யாரையும் விடுவிக்கக் கூடாது என்பது விதி. அச்சடிக்கப்போவது தன் சொந்தக் கருவி என்பதால் கணினி சார் நிம்மதியாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை எல்லாக் கணினிகளிலும் அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பு ஏறியது. அதிகாரி அம்மாவுக்குப் பழசு என்றாலே ஆகாது. அவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தால் மறுவாரம் அலுவலகத்தில் ஏதாவது ஒன்று புதுசாகிவிடும். போன தடவை நாற்காலிகள் போய், நின்றபடியே வேலை பார்க்கும் மேசைகள் வந்தன. இந்தத் தடவை மென்பொருள்.

கணினி சார் நின்றபடியே கட்டளையைத் தட்டினார். திரை சொன்னது: "பதிப்பு 2 மட்டுமே ஏற்கப்படும். இருப்பது 3. வணக்கம்."

அதிகாரி அம்மா வந்து பார்த்தார்.

"மூணு ரெண்டை விடப் பெரிசுதானே?"

"ஆமாம்மா."

"கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கோம். அப்புறம் என்ன குறையாம் அதுக்கு?"

கணினி சாருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே குறிப்பாணை ஒன்று பிறந்தது: "மேற்படி கருவி, புதிய பதிப்புடன் ஒத்துழைக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது. தவறினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்." கணினி சார் அதைத் திரையின் ஓரத்தில் பசை தடவி ஒட்டினார். இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத் தட்டியபோது கருவி மறுபடியும் வணக்கம் சொன்னது. கருவியின் நடத்தையில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை அவர் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டார். அது தன்னைவிடப் பழைய துணைநிரல் ஒன்றைக் கேட்டது. அந்தத் துணைநிரல் இன்னும் பழைய ஒன்றைக் கேட்டது. அது, கடைசியில், பழைய கணினியையே கேட்டது. பழைய கணினி கிடங்கில் இருந்தது.

"அது போன வருஷமே ஓய்வு பெற்றாச்சு சார்," என்றார் கிடங்குக்காரர். "ஓய்வு பெற்றதைத் திரும்ப வேலைக்கு எடுக்கணும்னா, மறுநியமன உத்தரவு வேணும். அதுக்குப் பணிச் சான்றிதழ் வேணும்."

"அந்தச் சான்றிதழை அடிக்கத்தான்யா அந்தக் கணினி."

"அப்ப அடிச்சு எடுத்துட்டு வாங்க, உடனே தர்றேன்."

இப்படி மூன்று நாள் ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடினாரே ஒழிய, தான் எழுதியதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கணினி சாருக்குத் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், வேறு வழியில்லாமல் திறந்தார். ஆறாவது வரியிலேயே இருந்தது: பதிப்பு 2 இல்லையென்றால் வணக்கம் சொல்லி நிறுத்து.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?" என்று வாய்விட்டுச் சொன்னபடி கீழே பார்த்தார். ஒரு குறிப்பு இருந்தது. "மற்ற பதிப்புகளில் சோதிக்க நேரமில்லை. எனக்குப் பிறகு வருபவர் பார்த்துக்கொள்வார்." அதற்கடியில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் அவருடைய இனிஷியல்.

மச்சான் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரம் அது. அவருக்கு வெட்கமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை என்றதும் வெட்கம் பாதியாகக் குறைந்தது.

இரண்டுக்கு மேல் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று திருத்துவதுதான் முறை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மணி நாலே முக்கால். மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். கணினி சார் 2-ஐ அழித்து 3 என்று போட்டார். குறிப்பை அப்படியே விட்டுவிட்டார். சான்றிதழ் அச்சாகி வந்தது. மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், அதிகாரி அம்மா அவரைக் காலத்தை வென்றவர் என்றார்.

சனிக்கிழமை காலை, மனைவி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் பெட்டியைத் தூக்கும்போது தலைமை எழுத்தர் போனில் கூப்பிட்டார்.

"சார், அம்மா நேத்து ராத்திரியே நாலாவது பதிப்பைப் போடச் சொல்லிட்டாங்க. கருவி வணக்கம் சொல்லுது."

"ஆறாவது வரியில மூணை அழிச்சு நாலுன்னு போடுங்க. அவ்வளவுதான்."

"பார்த்தோம் சார். உங்களுக்குப் பிறகு வர்றவர்தான் பார்த்துக்கணும்னு கீழயே எழுதி, கையொப்பமும் போட்டிருக்கீங்க. அதை மீறி நாங்க எப்படித் தொடுறது?"

"அப்ப அவரை வரச் சொல்லுங்க."

"அவரோட நியமன உத்தரவு அந்தக் கருவியிலதான் அச்சாகணும் சார்."

கணினி சார் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சிட்டாங்க," என்றார் தலைமை எழுத்தர். "மறுநியமனத்துக்குக் கையால எழுதின உத்தரவு போதுமாம். பணிச் சான்றிதழ் மட்டும் இருக்கணும். இப்போதைக்கு அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. உங்களுக்குப் பிறகு வர்றவரா உங்களையே போட்டாச்சு. கிளம்பி வாங்க."

ரயில் நகர்ந்தது. மனைவி ஜன்னலில் முகம் வைத்து, "யாருங்க போன்ல?" என்றாள்.

அவர் கூடவே நடந்துகொண்டு சொன்னார். அவள் கோபப்படவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"சரி, பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். "அப்பா வரலைம்மா, அப்பாவுக்குப் பிறகு வர்றவர் உன்னைப் பார்த்துக்குவார்னு."