எலி பித்தளையைக் கடிக்காது

பெண் வீட்டில் எதையும் பழுதுபார்க்கக் கூடாது. சரியாகிவிட்டால் அது பொருளின் தரம். கெட்டுப்போனால் நம் குடும்ப லட்சணம். தொண்ணூறுகளில் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

நான் காதலித்த ஸ்டெல்லாவின் அப்பா ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தார். தானாக வாசிக்கும் பழைய பியானோ ஒன்றை ஏலத்தில் எடுத்து ஹாலை அடைத்து வைத்திருந்தார். எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "மொதல்ல கிறிஸ்துமஸுக்கு இத்த பாட வையி, அப்பால பாக்கலாம்" என்பார். நான் பாடித் தொழிற்பேட்டையில், காற்றை அமுக்கி ஊதும் கம்ப்ரசருக்கு ஃபிட்டர். (காற்று என்றால் நாங்கள்தான் என்ற திமிர் வேறு.)

திறந்து பார்த்தால், உள்ளே ஒரு மோட்டார்; இது காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டைமேல் ஓடும். காகித ஓட்டையும் பட்டை ஓட்டையும் நேராக வந்தால் காற்று உள்ளே போகும், குட்டித் துருத்தி சுருங்கும், சுத்தியல் கம்பியைத் தட்டும். கிழிந்த துருத்திகளுக்கு சைக்கிள் டியூப் ஒட்டினேன். சுருளின் ஓரங்களில் மட்டும் தாறுமாறாகச் சில ஓட்டைகள். எலி வேலை என்று முடிவுகட்டி, டேப் ஒட்டி அடைத்தேன். சத்தம் மந்தமாக வந்ததால், உறிஞ்சலைக் கூட்டும் திருகைக் கடைசிவரை முறுக்கினேன்.

கிறிஸ்துமஸ் மாலை பிளாக்கே கூடியிருக்க, ஒரு தாலாட்டைப் போட்டேன். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் ஓங்கி விழுந்தது. சுவர்க் காலண்டர் ஆடியது. யாரோ ஒருவர் மடியில் தூங்கிய குழந்தை அலறியது.

"இன்னாபா, இது தூங்க வெக்கிற பாட்டா, ஊட்ட இடிக்கிற பாட்டா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஸ்டெல்லாவின் அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தேன். டேப் ஒட்டிய ஓரத்துக்கு நேர் கீழே, பட்டையிலும் ஓட்டைகள் இருந்தன. எலி பித்தளையைக் கடிக்காதே!

எங்கே மெல்ல, எங்கே ஓங்கி என்று உறிஞ்சலைக் கூட்டிக் குறைப்பதே அந்த ஓர ஓட்டைகள்தான். என்றோ இந்தச் சுருளில் பதிவதற்காக வாசித்தவரின் உணர்ச்சி முழுவதையும் நான் டேப் போட்டு அடைத்திருந்தேன்.

"மோட்டார நிறுத்து ஸ்டெல்லா!" என்று கத்தினேன். கூட்டம் கேக் தின்று முடிப்பதற்குள் இருவரும் நகத்தால் டேப்பை உரித்தோம். திருகையும் தளர்த்திவிட்டு மறுபடி போட்டேன்.

இந்த முறை பாட்டு மெல்ல எழுந்தது, ஓரிடத்தில் அழுத்தியது, பிறகு தணிந்தது. குழந்தை தூங்கிப்போனது. கைதட்டலில் அது மறுபடி எழுந்து அழுததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அன்று என் பெருமைக்கு அந்த ஹால் போதவில்லை.

ஸ்டெல்லாவின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்ளே, இன்னொரு தபா போடு" என்றார்.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் ஸ்டெல்லா பிள்ளைகளிடம், "உங்கப்பா ஓரத்துல டேப் ஒட்டிகினு கீறாரு, போய் உரிங்க" என்பாள். அவர்களும் நகத்தை நீட்டிக்கொண்டு என் காதுக்கு வந்துவிடுவார்கள்.