லூர்துநாதனிடம் மட்டும்

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் கோவிந்தராஜுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது. "சப் டீக் ஹை சார்." எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று இந்தியில் ஒரு வரி, அவ்வளவுதான்.

குடியேறி வந்தவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதும் ஆராய்ச்சி அது. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்திருந்தார் பேராசிரியை இந்திராணி. கற்றுக்கொள்ள வந்தவர்கள் இரண்டே கிளார்க்குகள்: கோவிந்தராஜ், லூர்துநாதன். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே உத்தியோகம்.

ஆனால் காலையில் கோவிந்தராஜ் போன அதே வீடுகளுக்கு மாலையில் லூர்துநாதன் போனால், பாய் விரித்து, டீ கொடுத்து, கண் கலங்கப் பேசினார்கள்.

"மனசையே திறந்து கொட்டியிருக்காங்களே, லூர்துநாதன்," என்று இந்திராணி பாராட்டியபோது கோவிந்தராஜுக்கு வயிறு எரிந்தது. தான் எழுதியதை அந்த அம்மாள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன்னிடம் என்ன குறை என்று கேட்டார். அதிகாரி மாதிரி போகாமல் அவர்களில் ஒருவராகக் கலந்து பழகுங்கள் என்றார் இந்திராணி.

மறுநாள் பேண்ட்டை விட்டுவிட்டு லுங்கி கட்டிக்கொண்டு போனார். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அன்று லூர்துநாதனோடு விளக்கு வைக்கும்வரை பேசினார்கள்.

கூடமாட வேலை செய்தால் நெருங்கலாம் என்று அந்தத் தெருவில் குடியிருந்த ஜம்புலிங்கத்தின் கூரையில் தகரம் மாட்ட ஏறினார். ஜம்புலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்று, தகரம் சர்க்கார் கொடுத்ததுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். லூர்துநாதனுக்கோ அன்று எழுதக் காகிதம் போதவில்லை.

பிறகு பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிப் போய், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று செல்லமாக விசாரித்தார். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. லூர்துநாதனுக்கு அன்று மீன்குழம்போடு சாப்பாடு. திரும்பும் படகில் அவன் விட்ட ஏப்பம் கோவிந்தராஜின் காதைச் சுட்டது.

பயல் ஏதோ சொக்குப்பொடி போடுகிறான் என்றே முடிவு கட்டினார். மறுநாள் மானத்தை விட்டு, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அமுதத்தின் முன்னால் போய் நின்றார்.

"மறைக்காம சொல்லணும்மா. லூர்துநாதன்கிட்ட மட்டும் அப்படி என்னதான் பேசுறீங்க?"

அமுதம் அக்கம்பக்கம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க சார். எங்கள மறுபடி மெயின்லேண்டுக்கே கப்பலேத்தத்தான் வேவு பாக்குறீங்களோன்னு, தினம் உங்களப் பத்தித்தான் பேசுறோம்."