கல்யாண மண்டபத்தில் எடுத்த டிஸ்சார்ஜ் போட்டோ

கத்தியைப் பிடித்தால் எனக்குக் கை நடுங்கியதே இல்லை. போட்டோ எடுக்கத்தான் மறந்து தொலைப்பேன். (மருத்துவக் கல்லூரியில் அதைச் சொல்லித் தரவில்லை.)

குமணன்சாவடியில் நான் சின்ன மருத்துவமனை ஆரம்பித்த புதிது. அரசுக் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களிடம் நாங்கள் பணம் வாங்கக் கூடாது. வைத்தியம் பார்த்து, காகிதங்களையும் படங்களையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் பணம் மருத்துவமனைக்கு வரும். அதிலிருந்துதான் எனக்கும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ரவிக்கும் பங்கு. ஒரு படம் குறைந்தாலும் பணம் வராது, கேள்விதான் வரும்.

ஆவடி சவரிமுத்துவுக்குத் தொப்புளில் குடலிறக்கம். மகள் கல்யாணத்துக்குள் சரியாக வேண்டும் என்றார். பிரமாதமாகத் தைத்து அனுப்பினேன். கல்யாணத்தன்று காலையில் கேள்வி வந்தது: 'நோயாளி படுத்த நிலையில், தையல் தெரிய, அருகில் மருத்துவருடன் எடுத்த படம் இல்லை. இன்று மாலைக்குள் அனுப்பவும்.'

ரவியோ, "இந்தப் பணம் பாஸ் ஆனாத்தான் அடுத்த கேசுக்கு வருவேன் மேடம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பித்தப்பைக் கல்லோடு ஓர் அம்மா வார்டில் வலியில் சுருண்டு கிடந்தார். மறுநாள் அவருக்கு ஆபரேஷன்.

பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி மண்டபத்துக்கு ஓடினேன். கோட்டும் டையுமாக வாசலில் நின்ற சவரிமுத்துவின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா டாக்டரம்மா, கல்யாணத்துக்கு வந்துட்டு சட்டையத் தூக்கச் சொல்றீங்கோ!"

"ரெண்டே நிமிஷம், ஐயா."

மாப்பிள்ளை அறையில் மேசைமேல் அவரைப் படுக்க வைத்தேன். நானும் படத்தில் இருக்க வேண்டுமே, அதனால் கல்யாண போட்டோகிராபரையே கூப்பிட்டேன். "சார், லேசா சிரிங்க" என்றார் அவர்.

"தையலு இஸ்துக்கினு கீது. எப்டிப்பா சிரிக்கறது?"

"பரவாயில்லை, கண்ணை மூடிக்கங்க. பிளாஷ் கூசும்" என்றேன். (என் வாழ்நாளில் நான் சொன்ன மகா முட்டாள்தனமான யோசனை இதுதான்.)

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மேரியம்மா கதவைத் திறந்தார். மேசைமேல் கணவர், மூடிய கண்கள், குனிந்து நிற்கும் டாக்டர்.

"ஐயோ, எங்க ஊட்டுக்காரரு பூட்டாரே!"

கல்யாணத்தை நடத்தி வைத்த பங்குச்சாமியார் பிரியாணிப் பந்தியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். கையைக் கழுவினாரோ இல்லையோ, பையிலிருந்த மந்திரித்த எண்ணெயை எடுத்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் நோயில் பூசுதலை ஆரம்பித்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்த சவரிமுத்துவை, "அசையாதீங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா அமுக்கிப் பிடித்தார். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. போட்டோகிராபர் மட்டும் கடமை தவறாமல் எடுத்துத் தள்ளினார்.

எல்லாப் படத்திலும் சாமியாரின் கை நெற்றியில் இருந்தது. தையல் நன்றாகத் தெரிந்த ஒன்றை வேறு வழியில்லாமல் அனுப்பினேன். சற்று நேரத்தில் அடுத்த கேள்வி வந்தது: 'நோயாளி உயிருடன் உள்ளாரா? உறுதிப்படுத்தவும்.'

சவரிமுத்து கோழிக்கால் கடிக்கும் படத்தை அனுப்பிய பிறகே பணம் பாஸானது. மறுநாள் ரவி வந்தார், அந்த அம்மாவின் கல்லும் வெளியே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாண ஆல்பத்தில் கேக் வெட்டுவதற்கும் குடும்பப் படத்துக்கும் நடுவே இன்றைக்கும் நான் குனிந்து நிற்கிறேன். அந்த வீட்டு விசேஷம் எதற்கும் என்னை அழைக்காமல் இருப்பதில்லை. போன மாதம் பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போனேன். கோயில் வாசலில் என் தலை தெரிந்ததுமே மேரியம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"சாமி, எண்ணெய எடுத்து வெச்சுக்கோங்கோ! டாக்டரம்மா வந்துகினு கீறாங்கோ!"