வடையும் கையுமாக இன்னொரு மாப்பிள்ளை

ஊரே நம்மைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால், அதற்காகப் பெரிய குற்றமெல்லாம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு நொடி தாமதமாகப் படம் காட்டினால் போதும். என் தம்பி பிரபுவின் நிச்சயதார்த்தத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாண மண்டபத்தின் நடுவே, சுற்றிலும் பார்க்கிற கேமரா ஒன்றை நிறுத்துவோம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் மண்டபத்தை நேரலையில் பார்க்கலாம். எல்லாப் பக்கத்தையும் தெளிவாக அனுப்பினால் இணையம் தாங்காது. அதனால் அவர் பார்க்கிற பக்கம் மட்டும் தெளிவாகப் போகும், மற்றதெல்லாம் மங்கல். அவர் திரும்பினால் அந்தப் பக்கம் தெளிய இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம். (வீட்டில் யாராவது கேட்டால் “கல்யாண வீடியோ எடுக்கறா” என்று அம்மா முடித்துவிடுவார்.)

பெண் கௌசல்யா, பெருந்துறைக்காரி. அப்பா இல்லை. தூக்கி வளர்த்ததெல்லாம் பெரியப்பா பழனிச்சாமி. அவர் ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில், முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்கப் போன இடத்தில், “மொதல்ல உங்க ஜாதகத்தைக் காட்டுங்க” என்று ஜோசியரையே கேட்ட மனிதர் அவர். அவர் சரி என்று சொல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். “நான் பார்க்க வைக்கிறேன் மாமா, பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும்” என்று நானாகப் போய் வாயைக் கொடுத்தேன்.

அவிநாசி மண்டபத்தில் காலையிலேயே கேமராவை நிறுத்திவிட்டேன். மாமாவும் அப்போதே கருவியை மாட்டிக்கொண்டு சமையல் கட்டு, பந்தி வாசல், செருப்பு விடுகிற இடம் என்று ஒன்றுவிடாமல் பார்வையிட்டார். விழா தொடங்கியதும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

“ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பக்கம் திரும்புனா மட்டும் மங்குதே, ஏனுங்க?”

“எந்தப் பக்கம் திரும்புனாலும் ரெண்டு நொடி மங்கும் மாமா.”

“எங்க பக்கம் மங்கலையே. ரெண்டு நொடியில என்னத்தை ஒளிச்சுபோட்டு அப்பறம் காட்டறீங்க?”

(அவர்கள் பக்கம் அவர் அதிகம் திரும்பவே இல்லை. தெரிந்த முகங்களில் என்ன இருக்கிறது?) பெண் வீட்டார் மொத்தப் பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் சித்தப்பா எதற்கென்று தெரியாமலே மடியிலிருந்த பையைப் பின்னால் தள்ளினார். சந்தேகம் உறுதியானது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில் பாதி எழுதி வைத்திருந்த ஒரு வித்தை லேப்டாப்பில் இருந்தது. திரும்பியவுடன் மங்கலாகக் காட்டாமல், அந்தப் பக்கத்தை அவர் கடைசியாகப் பார்த்தபோது இருந்த தெளிவான படத்தையே உடனே காட்டிவிடுவது. புதுப் படம் வந்ததும் பழையது போய்விடும். ஆபீசில் சோதித்தபோது அற்புதமாக வேலை செய்தது. (அங்கே கேமரா முன்னால் இருந்தவை நாற்காலிகள். நாற்காலிகள் எழுந்து போவதில்லை.) அதை இயக்கிவிட்டேன்.

“அட, இப்பப் பளிச்சுனு இருக்குதே!” என்றார் மாமா. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அதே சமயம் மண்டபத்தில் எல்லாரும் மேடையைப் படம் பிடித்து உறவுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். இணையம் திணறியது. புதுப் படம் போய்ச் சேராததால் பழைய படம் அப்படியே நின்றது. எனக்கு அது தெரியாது.

தட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். மாமா எதற்கோ பந்தி வாசல் பக்கம் திரும்பினார்.

“நிறுத்துங்க!”

தட்டு அந்தரத்தில் நின்றது.

“மாப்பிள்ளை மேடையில பட்டு வேட்டியோட உக்காந்திருக்கறாரு. இங்க பந்தி வாசல்ல நீலச் சட்டை போட்டுட்டு, வடையும் கையுமா ஒருத்தர் நிக்கறாரு. ரெண்டும் ஒரே மூஞ்சி! ஏனுங்க, ரெட்டைப் புள்ளைன்னு ஏன் சொல்லுல?”

எல்லோரும் பந்தி வாசலைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. “ஓடிட்டான் போல” என்றது ஒரு குரல். இரண்டு பேர் சமையல் கட்டுக்குள் தேடப் போனார்கள்.

“பையன் ஒண்ணுதானுங்க பெத்தேன்” என்றார் அம்மா, கண் கலங்க. ஆனால் அவரே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். “பயப்படாதீங்க மாமா! மேடையில இருக்கறது புது மாப்பிள்ளை. நீங்க பாக்கறது பழைய மாப்பிள்ளை!”

“பழைய மாப்பிள்ளையா?” கௌசல்யாவின் அம்மா எழுந்துவிட்டார். “அப்ப ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆச்சுங்களா?”

காலையில் நீலச் சட்டையோடு பந்தி வாசலில் வடை தின்ற பாவத்துக்குப் பிரபு மேடையில் வியர்த்து வழிந்தான். சிலர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். நான் தாமதம், இணையம், நொடி என்று என்னென்னவோ சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எங்களை இன்னும் கொஞ்சம் மோசடிக் குடும்பமாக்கியது.

அப்போது கௌசல்யா எழுந்தாள். “பெரியப்பா, சித்த நேரம் வாசல் பக்கமே பார்த்துட்டு இருங்க” என்றாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, கேமராவுக்குக் கீழே வந்து, என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

“இப்ப மேடையைப் பாருங்க. நான் எங்க இருக்கறேன்?”

“அங்கியேதான் கண்ணு உக்காந்திருக்கறே. ஆனா... வாயே அசையாமப் பேசறியே?”

“நான் கீழ கேமராகிட்ட நிக்கறனுங்க. அப்ப நானும் ரெட்டைதானுங்களா? தூக்கி வளத்துன நீங்களே சொல்லுங்க.”

 

“அப்ப மாப்பிள்ளை மேல தப்பில்ல” என்றார் மாமா கடைசியில். “இந்தப் பெட்டிதான் பொய் சொல்லுது. அதச் செஞ்ச அம்மணியக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க.”

வித்தையை அணைத்தேன். மண்டபம் மறுபடி மங்கியது. “இது போதும். மங்குனாலும் நெசம் வருதல்ல? தட்ட மாத்துங்க” என்றார்.

கல்யாணத்துக்கு அவர் கைத்தடியோடு நேரிலேயே வந்துவிட்டார். பிரபுவின் தோளைத் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். பிறகு பந்தி வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

இன்றைக்கும் நாங்கள் பெருந்துறைக்கு விருந்துக்குப் போனால் பிரபுவுக்கு அவன் மாமியார் இரண்டு இலை போடுகிறார். ஒன்றில் அவன் உட்காருவான். இன்னொன்றில் ஒரு வடையை வைத்துவிட்டு, “இன்னொரு மாப்பிள்ளை வாரதுக்குச் சித்த நேரமாகுங்களா?” என்று கேட்பார். என்னைப் பார்த்துத்தான் கேட்பார்.