போர்டில் அடங்காத பெயர்

"சாவிக்கடை டாட் காம்னு எழுதிட்டேண்ணே. கீழ போன் நம்பர் போட்டுடவா?" என்று ஏணி மேலிருந்து கேட்டார் போர்டு எழுதுகிற பெயின்டர்.

"அழிச்சிடுங்க," என்றார் பூட்டுக்காரர்.

"இப்பத்தானே எழுதச் சொன்னீங்க!"

"இப்பத்தான் எவனோ வாங்கிட்டான்!"

எப்பேர்ப்பட்ட பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறவர், செல்போனை வெறித்துப் பார்த்தார். தேடியபோது அந்த வெப்சைட் பெயரை யாரும் வாங்காமல்தான் இருந்தது. மனைவியிடம் போனில் சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனால், 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்கிறது.

"வேற பேர் பாருங்க," என்றாள் மனைவி, ஆபீசிலிருந்து. "சின்னதா இருக்கணும். காதுல விழுந்ததும் எழுத வரணும். நடுவுல கோடு, நம்பர் எதுவும் வேண்டாம்."

"பூட்டுசாவி?"

"நல்லாருக்கே!"

"பிரமாதம் மாப்பிள்ளை!" என்றார், கடையைப் பார்க்க வந்து செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமனார்.

பெயின்டர் எழுதினார். பூட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

அப்புறம் மனைவி சொன்ன விதிகளெல்லாம் காற்றில் பறந்தன. முன்னால் 'நம்ம' சேர்த்தார், போனது. நடுவில் கோடு போட்டார், கோட்டோடு போனது. கடைசியில் கடை நம்பரையும் சேர்த்து அவர் கத்திய பெயர், போர்டில் அடங்காமல் பக்கத்து சலூன் சுவர் வரை ஓடியது. சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாகச் சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் பார்த்தால், அந்தப் பெயரும் போயிருந்தது.

"எல்லாம் அவன் வேலைதான்!"

தெருமுனையில் இருந்த இன்னொரு பூட்டுக்காரரிடம் பாய்ந்தார்.

"என் பேரையெல்லாம் எதுக்குய்யா திருடுற?"

அந்த மனிதர் பயந்துபோய்த் தன் பட்டன் போனை நீட்டினார். "இதுல டார்ச் அடிக்கலாம், பேசலாம். வேற ஒண்ணும் வராதுண்ணே!"

மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு கடைக்குத் திரும்பினார் பூட்டுக்காரர்.

"பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஏணியை எடுங்க!"

மாமனார் பதறிப்போய் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். முகமெல்லாம் பெருமை.

"என்ன மாப்பிள்ளை, இதுக்குப் போய் மனசைத் தளர விடுறீங்க? நீங்க வாயைத் திறந்து சொன்ன பேரை ஒண்ணு விடாம, வேற எவனும் தட்டிட்டுப் போறதுக்குள்ள நான் வாங்கிட்டேன்ல!"